காற்றில் கரிம அமிலங்களை அளப்பது எப்படி: டெனூடர் பூச்சு முதல் கணக்குத்தாள் வரை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கருவியைப் பற்றித்தான் (கரைசலில் உள்ள அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி நிறப்பிரிகைக் கருவி) கேட்பார்கள். உண்மையில் கருவிதான் இதில் எளிய பகுதி. எண்கள் கெட்டுப்போவது அதற்கு முன்னாலேயே: வடிதாளைத் தொட்ட விரலில், அறையில் திறந்து கிடந்த அசிட்டிக் அமிலப் பாட்டிலில், இரண்டு நாள் மேசைமேல் இருந்த சாற்றுக் குப்பியில். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் மாதிரி எடுப்பதும் அதைக் கெடாமல் காப்பதும்தான். கருவிக்குக் கடைசியில் வருவோம்.

1. எந்த அமிலம், எந்த நிலையில் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

காற்றில் நூற்றுக்கணக்கான கரிம அமிலங்கள் இருக்கின்றன. முதல் முயற்சிக்கு மூன்று போதும்: ஃபார்மிக், அசிட்டிக், ஆக்சாலிக். முதல் இரண்டும் பெரும்பாலும் வாயுவாகவே இருக்கும். ஆக்சாலிக் அமிலமோ பெரும்பாலும் துகளில் உப்பாகவோ உலோக இணைப்பாகவோ உட்கார்ந்திருக்கும். எனவே வடிதாள் மட்டும் வைத்து ஃபார்மிக் அமிலத்தை அளந்தேன் என்றால், இருப்பதில் பெரும்பகுதியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஆக்சாலேட் (ஆக்சாலிக் அமிலத்தின் அயனி; ஃபார்மேட்டும் அசிட்டேட்டும் அப்படியே) மட்டும்தான் தேவை என்றால் டெனூடர் (துகளைப் போகவிட்டு, அமில வாயுவை மட்டும் சுவர்ப் பூச்சில் பிடிக்கும் குழாய்) இல்லாமலே சமாளிக்கலாம். வேலை பாதியாகக் குறையும்.

மலோனிக், சக்சினிக், மாலிக், பைருவிக் எல்லாவற்றையும் முதல் நாளே பட்டியலில் சேர்க்காதீர்கள். சக்சினேட்டும் மாலேட்டும் பல பிரிப்புத் தூண்களில் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் வரும். அதைப் பிரிக்கப் போராடும் நேரத்தில் மற்ற மூன்றின் தரமும் போய்விடும்.

2. ஓட்டங்களை எண்ணிவிட்டுச் செலவைப் போடுங்கள்

பலர் "30 மாதிரி" என்று திட்டம் எழுதி, 30 பகுப்பாய்வுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். ஒரு மாதிரி என்பது நான்கு சாறுகள் (பிடிபட்டதை நீரில் கரைத்தெடுத்த கரைசல்கள்), ஒவ்வொன்றும் கருவியில் ஒரு ஓட்டம்: முதல் டெனூடர், இரண்டாம் டெனூடர், முன் வடிதாள், பின் வடிதாள். 30 மாதிரிக்கு 120. பத்துக்கு ஒரு களப் பிளாங்க் (களத்துக்குப் போய்வந்தும் மாதிரிக் காற்று இழுக்காத வெற்று மாதிரி) என்றால் மூன்று முழுக் கோர்வை (இந்த நான்கும் வரிசையாக மாட்டிய தொகுப்பு), அதாவது இன்னும் 12. பத்து சதவீதம் இரட்டை ஓட்டம் 13. ஸ்டாண்டர்டுகள் (ஒப்பிடுவதற்கான, செறிவு தெரிந்த கரைசல்கள்) 7, இடையிடையே சரிபார்ப்பு 15. மொத்தம் 167. ஒரு ஓட்டம் 40 நிமிடம் என்றால் ஏறக்குறைய 111 மணி நேரம். கருவி ஒருமுறைகூட நிற்காமல் ஓடினால் நாலரை நாளுக்கு மேல். நிற்காமல் ஓடாது, பத்து நாள் கேட்டு வாங்குங்கள்.

வெளி ஆய்வகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், கட்டணம் மாதிரிக்கா ஓட்டத்துக்கா, பிளாங்குக்கும் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொரு கேள்வியும் அவசியம்: ஓட்டக் கரைசல் (மாதிரியைக் கருவியின் பிரிப்புத் தூண் வழியே தள்ளுவது) ஹைட்ராக்சைடு சாய்வா (போகப்போகச் செறிவு ஏறுவது), கார்பனேட்டா? குடிநீர் சோதிக்கும் ஆய்வகங்கள் பெரும்பாலும் மாறாச் செறிவுக் கார்பனேட்டில் ஓட்டுவார்கள். அதில் அசிட்டேட்டும் ஃபார்மேட்டும் ஃபுளோரைடுக்கு அருகில் ஒட்டிக்கொண்டு வரும். அறிக்கையில் "ஃபுளோரைடு" வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தால் அது பெரும்பாலும் உங்கள் கரிம அமிலம்தான்.

கண்ணாடி டெனூடர் குழாய்கள் ஒருமுறைச் செலவு, கழுவிப் பூசி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். வடிதாள்கள், சிரிஞ்சு வடிகட்டிகள், குப்பிகள் ஆகியவை தொடர்ந்து கரையும் செலவு. பிரிப்புத் தூணுக்கு முன்னால் காப்புத் தூண் வைப்பதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். டெனூடர் சாற்றில் உள்ள குப்பையெல்லாம் நேரே முதன்மைத் தூணில் ஏறினால் பின்னால் அழ வேண்டியிருக்கும்.

3. காகிதங்களை மாதிரி எடுக்கும் முன் முடியுங்கள்

தேவையானவை: மாதிரி எடுக்கும் இடத்துக்கான அனுமதி (மாடியும் மின்சாரமும் தனித்தனி ஆட்களிடம் இருக்கும், இரண்டுக்கும் வாங்குங்கள்), பாய்வுமானியின் அளவுத்திருத்தச் சான்று, ஸ்டாண்டர்ட் உப்புகளின் தூய்மைச் சான்று, மெத்தனாலுக்கும் குளோரோஃபார்முக்கும் பாதுகாப்புத் தாள், கைமாற்றுப் படிவம் (மாதிரி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பதிவு), களப் பதிவுத்தாள். மெத்தனால் தீப்பற்றும் பொருள் என்பதால் சாதாரணக் கூரியரில் போகாது. பூச்சுக் கரைசலைக் களத்துக்கு அனுப்புவதைவிட, குழாய்களை ஆய்வகத்தில் பூசி மூடி அனுப்புவது மேல்.

களப் பதிவுத்தாளில் கட்டாயம் இருக்க வேண்டியவை: குழாய் எண், வடிதாள் எண், பூசிய தேதி, தொடங்கிய நேரமும் பாய்வும், முடிந்த நேரமும் பாய்வும், வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம், மழை, சுற்றுவட்டாரத்தில் ஏதாவது எரித்தார்களா என்ற குறிப்பு. கடைசிக் குறிப்பை யாரும் எழுதுவதில்லை. பிறகு அசிட்டேட் திடீரென்று ஏறிய ஒரு நாளுக்கு விளக்கம் தேடுவது அந்தக் குறிப்பு இல்லாததால்தான்.

4. வடிதாளைத் தயார்செய்யுங்கள்

குவார்ட்ஸ் வடிதாளை 550 டிகிரி செல்சியஸில் குறைந்தது 6 மணி நேரம் சுடுங்கள். சுற்றி வைக்கும் அலுமினியத் தாளையும் சேர்த்தே சுடுங்கள். சுட்ட குவார்ட்ஸ் காற்றிலுள்ள அமில வாயுவை ஆசையாக உறிஞ்சும். எனவே ஆறியவுடன் மூடி வையுங்கள், ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

இந்த உறிஞ்சும் குணமே குவார்ட்ஸின் குறை. டெனூடர் இல்லாமல் குவார்ட்ஸ் வைத்தால் வாயுவும் அதில் ஒட்டித் துகளாகக் கணக்கில் ஏறும். அதனால் முன் வடிதாளுக்கு டெஃப்லான், பின் வடிதாளுக்குக் கார்பனேட்டில் நனைத்து உலர்த்திய குவார்ட்ஸ் என்பதே எங்கள் பரிந்துரை. டெஃப்லானைச் சுட முடியாது. தூய நீரில் ஊறவைத்துக் கழுவி, தூய நைட்ரஜனில் உலர்த்துங்கள்.

வெறும் கையால் எதையும் தொடாதீர்கள். வியர்வையில் லாக்டேட் நிறைய உண்டு. அது அசிட்டேட்டுக்கு அருகிலேயே வரும். பொடியில்லாத நைட்ரைல் கையுறை போட்டு, அதையும் தூய நீரில் அலசிக்கொள்ளுங்கள். வடிதாளைப் பிடிக்க இடுக்கி மட்டுமே.

5. டெனூடரைப் பூசுங்கள்

1 கிராம் சோடியம் கார்பனேட்டை 50 மில்லிலிட்டர் தூய நீரில் முழுக்கக் கரையுங்கள். 1 கிராம் கிளிசரால் சேருங்கள். அதன்பின் 50 மில்லிலிட்டர் மெத்தனால். வரிசை முக்கியம், மெத்தனாலில் நேரடியாகக் கார்பனேட்டைக் கொட்டினால் அடியில் மணலாக நிற்கும். நீர் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் தரத்தில், அன்று பிடித்ததாக இருக்கட்டும்.

குழாயின் ஒரு முனையை மூடி, 10 மில்லிலிட்டர் கரைசலை ஊற்றி, மறுமுனையையும் மூடி, சுவர் முழுக்க நனையும்படி மெல்ல உருட்டுங்கள். மிச்சத்தை வடித்துவிட்டு, நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டர் தூய நைட்ரஜனை விட்டு உலர்த்துங்கள். கண்ணாடி பனிபடர்ந்தாற்போல் சீராக வெளுத்தால் சரி. திட்டுத்திட்டாக இருந்தால் குழாயில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. கழுவித் திரும்பப் பூசுங்கள். அறைக் காற்றை ஊதி உலர்த்துவது இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான தவறு, ஏனென்றால் அறையின் அசிட்டிக் அமிலத்தை நீங்களே குழாய்க்குள் சேகரிக்கிறீர்கள். புதிதாக ஒட்டிய சிலிகான் பசை உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும். மர அலமாரியும் விடும். பூச்சு வேலை நடக்கும் அறையில் இவை இருக்கக் கூடாது.

பூசிய குழாயை 48 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

6. கோர்வையை மாட்டுங்கள்

வரிசை: சுழற்பிரிப்பான் (பெரிய துகள்களை முதலிலேயே விலக்குவது), முதல் டெனூடர், இரண்டாம் டெனூடர், டெஃப்லான் வடிதாள், கார்பனேட் வடிதாள், பாய்வுக் கட்டுப்பாடு, பம்ப். எல்லாம் செங்குத்தாக. சுழற்பிரிப்பானின் உட்புறத்தில் டெஃப்லான் பூச்சு இருக்க வேண்டும். வெறும் உலோகம் அமிலத்தைப் பிடித்துவைத்துப் பிறகு விடும். காற்று நுழையும் குழாயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

பாய்வு நிமிடத்துக்கு 10 லிட்டர். உங்கள் சுழற்பிரிப்பான் அந்தப் பாய்வில்தான் 2.5 மைக்ரோமீட்டரில் வெட்டுகிறதா என்று பாருங்கள். 16.7 லிட்டருக்குச் செய்ததை 10 லிட்டரில் ஓட்டினால் பெரிய துகள்களும் உள்ளே வரும்.

இரண்டு டெனூடர் எதற்கு என்று செலவுக் கணக்கு பார்ப்பவர்கள் கேட்பார்கள். காரப் பூச்சின்மேல் பெராக்சி அசிட்டைல் நைட்ரேட் (மாசுபட்ட காற்றில் உருவாகும் ஒரு சேர்மம்) பட்டால் நீராற்பகுப்பில் அசிட்டேட் உருவாகும். காற்றில் அசிட்டிக் அமிலமாக இல்லாத ஒன்று, உங்கள் குழாயில் அசிட்டேட்டாக மாறிவிடுகிறது. உண்மையான அமிலம் முதல் குழாயிலேயே ஏறக்குறைய முழுதும் பிடிபடும். ஆனால் இப்படி மெதுவாக வினைபுரியும் பொருள்கள் இரண்டு குழாயிலும் ஏறக்குறையச் சமமாக விழும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பொய்யின் பெரும்பகுதி போய்விடும். இரண்டாவதில் முதலாவதின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள்: பூச்சு தீர்ந்ததா, கசிவா, அல்லது மேற்சொன்ன பொய்யா? நைட்ரேட்டைப் பாருங்கள். வலுவான நைட்ரிக் அமிலமும் இரண்டாம் குழாய்க்கு வந்திருந்தால் பூச்சிலோ பாய்விலோ கோளாறு.

தொடங்கும் முன் நுழைவாயை மூடிப் பம்பை ஓட்டுங்கள். பாய்வு பூச்சியத்துக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பெரும்பாலும் வடிதாள் பிடிப்பானின் வளையம்தான் காரணம். பம்பின் புகைவாயை நுழைவாயிலிருந்து தள்ளி, காற்றோட்டத்தின் கீழ்ப்பக்கம் கொண்டுபோய் விடுங்கள்.

நிறைப் பாய்வுக் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் "லிட்டர்" எந்த வெப்பநிலைக்கு என்று கையேட்டில் பாருங்கள். 0 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் இடையே கன அளவில் 9 சதவீத வேறுபாடு இருக்கிறது. எல்லா மாதிரியிலும் ஒரே மாதிரி வரும் பிழை என்பதால் யார் கண்ணிலும் படாது.

களப் பிளாங்கை உண்மையாக எடுங்கள். கோர்வையை மாட்டி, ஒரு நிமிடம் பம்பை ஓட்டி, கழற்றி, மற்றவற்றோடு அதே பெட்டியில் அதே நேரம் வைத்திருங்கள். ஆய்வகத்தில் பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்த வடிதாள் களப் பிளாங்க் ஆகாது.

7. நேரத்தோடு ஓடுங்கள்

ஃபார்மேட்டும் அசிட்டேட்டும் நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி. நீரில் கரைந்த நிலையில், அறை வெப்பத்தில், சில மணி நேரம் முதல் ஓரிரு நாளுக்குள் கணிசமாகக் குறைந்துவிடும். வடிதாள்களை உடனே மூடி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். சில வாரம் தாங்கும். டெனூடரை அப்படி வைக்க முடியாது. கழற்றிய அன்றே சாறெடுங்கள். சாறு 4 டிகிரியில், 24 மணி நேரத்துக்குள் கருவியில் ஏற வேண்டும். முடியாதென்றால் உறையவையுங்கள், குப்பியை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

மழைநீருக்கும் வடிதாள் சாற்றுக்கும் 10 மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம் சேர்த்து நுண்ணுயிரை நிறுத்தும் பழைய வழக்கம் உண்டு. அதை டெனூடர் சாற்றில் மட்டும் செய்துவிடாதீர்கள். காரத்தில் குளோரோஃபார்ம் மெல்லச் சிதைந்து ஃபார்மேட்டைத் தரும். கெடாமல் காக்கப் போட்டதே நீங்கள் அளக்க வந்த பொருளை உற்பத்தி செய்யும். குளோரைடும் கூடவே ஏறும்.

8. சாறெடுங்கள்

டெனூடரை 5 மில்லிலிட்டர் நீரில் இரண்டு முறை உருட்டி, மொத்தம் 10 மில்லிலிட்டராகச் சேருங்கள். டெஃப்லான் வடிதாள் நீரில் நனையாது, மிதக்கும். அதன்மேல் 0.1 மில்லிலிட்டர் மெத்தனாலைச் சொட்டிவிட்டுப் பிறகு 10 மில்லிலிட்டர் நீரில் அமிழ்த்துங்கள். அந்த மெத்தனாலுக்கும் ஒரு பிளாங்க் ஓட்டுங்கள்.

மீயொலித் தொட்டியைவிட ஆட்டும் மேசை நல்லது. மீயொலி நீரைச் சூடாக்கும், வினைமிக்க பொருள்களையும் உண்டாக்கும். தொட்டிதான் இருக்கிறது என்றால் பனிக்கட்டி போட்டு, 15 நிமிடமாக இரண்டு தடவை செய்யுங்கள். சாற்றை வெளிச்சத்தில் வைக்காதீர்கள். துகளில் இரும்பு இருக்கும். இரும்பு ஆக்சாலேட் இணைப்பு ஒளிபட்டால் சிதையும்.

சிரிஞ்சு வடிகட்டி வாங்கும்போது செல்லுலோஸ் அசிட்டேட் வகையை வாங்கிவிடாதீர்கள். பெயரிலேயே இருக்கிறது, சாற்றிலும் வரும். நீர்விரும்பும் டெஃப்லான் வகையை எடுத்து, முதல் 2 மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள்.

டெனூடரில் சல்ஃபர் டையாக்சைடையும் சேர்த்து அளப்பவர்கள் சல்ஃபைட்டைச் சல்ஃபேட்டாக்க ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். அதே குப்பியில் கரிம அமிலம் பார்க்காதீர்கள். பெராக்சைடு பைருவேட்டை அசிட்டேட்டாக மாற்றும். சாற்றை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் விடுங்கள்.

9. ஸ்டாண்டர்ட் கரைசல்

லிட்டருக்கு 1000 மில்லிகிராம் தாய்க் கரைசலுக்கு: சோடியம் ஃபார்மேட் 1.511 கிராம், நீரற்ற சோடியம் அசிட்டேட் 1.389 கிராம், சோடியம் ஆக்சாலேட் 1.522 கிராம், ஒவ்வொன்றும் தனித்தனியே 1 லிட்டரில். பாட்டிலில் மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த சோடியம் அசிட்டேட் இருந்தால் 2.305 கிராம் எடுக்க வேண்டும். இதைப் பார்க்காமல் நிறுத்தால் எல்லா அசிட்டேட் எண்ணும் 66 சதவீதம் ஊதித் தெரியும். சோடியம் ஃபார்மேட் ஈரம் இழுக்கும். உலர்கலனில் வைத்து எடுங்கள்.

தாய்க் கரைசல் 4 டிகிரியில் ஒரு மாதம். வேலைக் கரைசல் அன்றன்று: லிட்டருக்கு 0.05, 0.1, 0.25, 0.5, 1, 2.5, 5 மில்லிகிராம். டெனூடர் சாற்றுக்கான தொகுப்பில், பூசிக் கழுவிய வெற்றுக் குழாயின் சாற்றையே கரைப்பானாக வையுங்கள். அதில் கார்பனேட் அவ்வளவு இருக்கிறது. வெறும் நீரில் செய்த ஸ்டாண்டர்டோடு பீக் (கருவியின் வரைபடத்தில் ஒவ்வொரு அயனிக்கும் எழும் உச்சம்) நேரம் ஒத்துப்போகாது.

10. கருவியில் ஓட்டுங்கள்

அடக்கியும் (ஓட்டக் கரைசலின் மின்கடத்தலைக் குறைக்கும் பகுதி) மின்கடத்து உணர்கருவியும் உள்ள அயனி நிறப்பிரிகைக் கருவி, ஹைட்ராக்சைடு சாய்வு, 30 டிகிரி. 1 மில்லிமோலாரில் தொடங்கி, முதல் சில நிமிடம் அப்படியே விடுங்கள். அந்தப் பகுதியில்தான் ஃபுளோரைடு, லாக்டேட், அசிட்டேட், ஃபார்மேட் எல்லாம் நெருக்கியடித்து வரும். பிறகு ஏற்றுங்கள். ஆக்சாலேட் சல்ஃபேட்டை ஒட்டியே வரும். சல்ஃபேட் மிகுந்த மாதிரியில் அதன் வாலில் ஆக்சாலேட் ஏறி உட்கார்ந்தால் அடிக்கோட்டைக் கருவியிடம் விடாமல் கையால் பார்த்து இழுங்கள், எல்லா மாதிரிக்கும் ஒரே விதியில்.

அசிட்டேட்டுக்கு நேர்கோட்டு அளவுத்திருத்தம் போடாதீர்கள். அடக்கியைத் தாண்டும்போது அது அசிட்டிக் அமிலமாகிவிடுகிறது. வலுக்குறைந்த அமிலம், செறிவு கூடக்கூடப் பிரியும் பங்கு குறையும். மின்கடத்தலும் அதற்கேற்ப வளைந்து போகும். இருபடிக் கோடு போடுங்கள். ஃபார்மேட்டிலும் இது உண்டு, குறைவாக. நேர்கோட்டின் பொருத்த எண் 0.995 என்று வந்ததை நம்பி, 0.05 மில்லிகிராமில் பாதி அளவுக்குத் தவறவிட்டவர்கள் நிறைய.

லாக்டேட்டும் அசிட்டேட்டும் உண்மையாகவே பிரிகின்றனவா என்று சந்தேகம் வந்தால், ஒரு சாற்றில் தெரிந்த அளவு லாக்டேட்டைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். தனித் தோள் தெரியாமல் அசிட்டேட் பீக்கே பருத்தால், விடை கிடைத்துவிட்டது.

11. கணக்கு

நிமிடத்துக்கு 10 லிட்டர், 24 மணி நேரம் என்றால் 14.4 கன மீட்டர். ஆக்சாலேட் உதாரணம்: சாற்றில் லிட்டருக்கு 0.35 மில்லிகிராம், களப் பிளாங்க் 0.02. வேறுபாடு 0.33, 10 மில்லிலிட்டரில் 3.3 மைக்ரோகிராம், 14.4 ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 229 நானோகிராம்.

ஃபார்மிக் வாயு: முதல் டெனூடரில் 2.10, இரண்டாவதில் 0.15. வேறுபாடு 1.95, அதாவது 19.5 மைக்ரோகிராம், கன மீட்டருக்கு 1.35 மைக்ரோகிராம் ஃபார்மேட். ஒரே தொகுதியில் பூசிய குழாய்களுக்குப் பிளாங்க் சமம் என்பதால் கழித்தலிலேயே அதுவும் போய்விட்டது; இன்னொரு முறை கழிக்காதீர்கள். அமிலமாக மாற்ற 46.03ஐ 45.02 ஆல் வகுத்துப் பெருக்குங்கள்: 1.38. 25 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 1 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) ஃபார்மிக் அமிலம் கன மீட்டருக்கு 1.88 மைக்ரோகிராம், எனவே 0.74 பிபிபி. அசிட்டிக் அமிலத்துக்கு அதே எண் 2.46. அட்டவணைத் தலைப்பில் அயனியா அமிலமா என்று எழுதிவிடுங்கள்.

கண்டறியும் எல்லை என்பது களப் பிளாங்குகளின் திட்ட விலக்கத்தைப் போல் மூன்று மடங்கு. கருவியின் விளம்பரத் தாளில் உள்ள எண் இதற்குப் பயன்படாது. துகள் ஃபார்மேட்டுக்கு முன் வடிதாளையும் பின் வடிதாளையும் கூட்டுங்கள், ஏனென்றால் அமிலத்தன்மை கொண்ட துகள்களிலிருந்து அது ஆவியாகிப் பின்னால் போயிருக்கும். அசிட்டேட்டில் அந்தக் கூட்டுத்தொகையை மேல் எல்லை என்றே குறிப்பிடுங்கள்; டெனூடர்களைத் தாண்டிய பெராக்சி அசிட்டைல் நைட்ரேட் பின் வடிதாளின் காரத்திலும் அசிட்டேட் ஆகியிருக்கும்.

12. நேரடிக் கருவி கையில் இருந்தால்

அயோடைடு அயனியாக்க நிறை நிறமாலைமானியில் ஃபார்மிக் அமிலம் நிறை எண் 173இல் தெரியும். நொடிக்கு நொடி மாற்றத்தைப் பார்க்கலாம். ஆனால் உணர்திறன் ஈரப்பதத்தோடு மாறும், அதனால் அளவுத்திருத்தத்தைப் பல ஈரப்பதங்களில் செய்ய வேண்டும். அசிட்டேட் அயனியாக்க வகையில் அசிட்டிக் அமிலத்தையே அளக்க முடியாது. புரோட்டான் மாற்ற வகையில் அசிட்டிக் அமிலம் 61இல் வரும், கிளைகோலால்டிஹைடும் அதே இடத்தில் வரும். மூன்றிலும் நுழைகுழாய் குட்டையாக, வெதுவெதுப்பாக இருக்கட்டும். நீண்ட குளிர்ந்த குழாய் அமிலத்தைச் சுவரில் தேக்கிவைத்து, மாலையில் வந்த உச்சத்தை இரவு முழுக்க இழுத்துக் காட்டும். மாதத்துக்கு ஒருமுறையாவது பக்கத்தில் ஒரு டெனூடர் கோர்வையை 24 மணி நேரம் ஓட்டி, இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.